மடக்குக் கத்தியும் அதன் விலையும்

உழவனுக்கு ஏர், குயவனுக்குச் சக்கரம், தச்சனுக்கு உளி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்குரிய கருவி உண்டு. கருவி நன்றாக இருந்தால் வேலையும் நன்றாக இருக்கும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால், அந்தக் கருவிக்கு எவ்வளவு விலை கொடுப்பது தகும் என்ற கேள்வி எழும்போது நம்மிடையே தெளிவான கருத்து இருப்பதில்லை. விலை அதிகமானால் பொருளும் உயர்ந்தது என்று சிலர் நம்பிவிடுகிறார்கள். எதற்கும் மலிவானதே போதும் என்று வேறு சிலர் தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் ஆராயாமல் செய்யும் முடிவுகளே. நெமிலிச்சேரியில் ஒரு சிறிய மடக்குக் கத்தியைப் பற்றி எழுந்த விவாதம் இதனை நமக்கு நன்கு உணர்த்தியது. அதிலிருந்து நாம் கற்றுக்கொண்டதைக் கிராம மக்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

குழுக் கூட்டத்தில் எழுந்த கேள்வி

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே உள்ளது நெமிலிச்சேரி. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை இவ்வூர் வழியாகவே செல்கிறது. நெல் விளைந்த இப்பகுதி நிலங்களில் இன்று வீட்டு மனைகள் பெருகிவிட்டன. புதிதாக வீடு கட்டுவோர் வாசலில் ஒரு ரோஜாவும், கொல்லையில் ஒரு மாங்கன்றும் வைக்க ஆசைப்படுகிறார்கள். ஆகவே, செடி வளர்த்து விற்கும் நாற்றுப் பண்ணைகளுக்கு வேலை இருக்கிறது. அப்பண்ணைகளில் ஒட்டுக்கட்டத் தெரிந்த கைகளுக்கும் வேலை இருக்கிறது.

அவ்வாறு வேலைக்குச் செல்லும் பெண்மணி ஒருவர், தம் மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் கேட்டிருந்தார். தொகை 6,000 ரூபாய். காரணம் என்ற இடத்தில், "மடக்குக் கத்தி வாங்க" என்று எழுதியிருந்தார். அது வாசிக்கப்பட்டதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "அரிவாள்மணையே முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பையில் வைக்கும் கத்திக்கு ஆறாயிரமா?" என்றார் ஒருவர். "தங்கத்தில் செய்ததோ?" என்றார் மற்றொருவர். அதே கூட்டத்தில் மாவரைக்கும் இயந்திரத்துக்கும், உறவினர் வீட்டுத் திருமணச் சீருக்கும் கேட்ட கடன்கள் ஒரு வார்த்தை மறுப்பின்றி நிறைவேறியிருந்தன.

அன்று பார்வைக்காக நாமும் அங்கே சென்றிருந்தோம். குழுத் தலைவி நம்மைப் பார்த்து, "ஐயா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். உண்மையைச் சொன்னால், நமக்கும் சிரிப்பு வந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் மேசை இழுப்பறையில் இருந்த கத்தி

நான்கு ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு வெளிநாட்டு மடக்குக் கத்தியை 5,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். அதன் பளபளப்பும், திறக்கும்போது எழும் மெல்லிய ஒலியும் நம் மனத்தைக் கவர்ந்தன. வெளியூர்ப் பயணத்துக்கு உதவும், தோட்ட வேலைக்கு உதவும் என்றெல்லாம் நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இன்று அக்கத்தி அலுவலக மேசையின் இழுப்பறையில் கிடக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை தபால் உறைகளைக் கிழிக்க அதை எடுக்கிறோம். நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 400 முறை அது வேலை செய்திருக்கும். கணக்குப் போட்டால் ஓர் உறையைக் கிழிக்க நாம் 12 ரூபாய் 50 காசு செலவழித்திருக்கிறோம்!

ஆகவே, விலை உயர்ந்த மடக்குக் கத்தி என்றதும் அது ஆடம்பரமே என்று நாம் எண்ணியதில் வியப்பில்லை. நம் தவற்றைக் கொண்டு அந்த அம்மையாரின் தேவையை அளந்துவிட்டோம். "அம்மா, இந்தக் கத்தியைக் கொண்டு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டபோதுதான் நம் அளவுகோல் பிழை என்பது விளங்கிற்று.

"ஒரு நாளைக்கு இருநூறு மொட்டு வைக்கிறேன், ஐயா. ஒட்டிய மொட்டுக்குத்தான் காசு. காய்ந்துபோனால் என் உழைப்பு போயிற்று" என்றார் அவர்.

ஒட்டுக்கட்டும் வேலையும் கூர்மையும்

அவர் செய்யும் வேலையைச் சற்று விளக்க வேண்டும். தென்னாட்டில் ரோஜா ஒட்டுக்கு எட்வர்டு ரோஜாவை வேர்ச்செடியாகக் கொள்வது வழக்கம். அதன் தண்டில் ஆங்கில 'டி' எழுத்தைப் போன்று பட்டையை மட்டும் கீறி, பட்டையை மெல்ல நெம்பித் திறக்க வேண்டும். நல்ல இனச் செடியின் கிளையிலிருந்து ஒரு மொட்டைக் கேடய வடிவில் சீவி எடுத்து அதற்குள் செருகி, மொட்டு மட்டும் வெளியே தெரியும்படி நாடாவால் சுற்ற வேண்டும். சப்போட்டாவைப் பாலை மரக் கன்றின்மீது ஒட்டுவதும், மாங்கன்றின் இளந்தண்டைப் பிளந்து நல்ல இனத்தின் குச்சியை ஆப்புப்போல் சீவிச் செருகுவதும் இதே கலையின் வேறு முறைகள்.

இவை எல்லாவற்றிலும் ஒரே தத்துவம் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமும் பசுமையுமான மெல்லிய படலம் ஒன்று உண்டு. செடி பருப்பது அதனால்தான். வேர்ச்செடியின் படலமும், ஒட்டும் மொட்டின் படலமும் ஒன்றோடொன்று நெருங்கிப் பொருந்தினால் இரண்டும் கூடி ஒரே செடியாகின்றன. வெட்டு வழவழப்பாக இருந்தால் பொருத்தம் நெருக்கமாக அமையும். மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கும். வெட்டுவாய் பிசிறுபிசிறாக இருக்கும். இடையில் காற்றும் அழுகலும் புகும். ஒரே வீச்சில் சீவ வேண்டியதை மூன்று முறை சீவினால், அதற்குள் ஈரமும் காய்ந்துவிடும்.

ஆகவே, அந்த அம்மையாருக்குக் கத்தியின் கூர் என்பது அழகன்று, அன்றாட வருவாய். ஆனால், கூர்மை வேண்டும் என்பதால் 6,000 ரூபாய்க் கத்திதான் வேண்டும் என்று முடிவாகிவிடாது. கூர்மைக்கும் விலைக்கும் உள்ள உறவு என்ன என்பதைப் பார்ப்போம்.

விலை எதனால் உயர்கிறது?

மடக்குக் கத்தியின் விலையில் ஐந்து பங்குகள் அடங்கியுள்ளன: உருக்கு, அதைப் பதப்படுத்திய திறமை, கீலும் வில்லும், பிடி, கடைசியாகப் பெயர்.

முதலில் உருக்கு. இரும்பில் சிறிதளவு கரி சேர்ந்தால் உருக்காகிறது. அதைக் காய்ச்சித் தோய்த்துப் பதப்படுத்தும்போது அலகுக்குக் கடினம் ஏறுகிறது. கரி உருக்கு எளிதில் கூராகும், ஆனால் துருப்பிடிக்கும். அதனுடன் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாமல் குரோமியம் சேர்த்தால் துருவை எதிர்க்கும் எஃகு கிடைக்கிறது. கடினத்தை ராக்வெல் என்னும் அளவால் குறிப்பார்கள். நல்ல மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 62 வரை இருக்கும். கடினம் கூடினால் கூர் நெடுநேரம் நிற்கும். ஆனால் கல்லில் தீட்டுவது கடினமாகும், முனை சிதறும் அச்சமும் கூடும். எல்லா நற்குணங்களும் ஒரே உருக்கில் ஒருசேர அமைவதில்லை.

மிக உயர்ந்த விலைக் கத்திகள் சிலவற்றில் வனேடியம் மிகுந்த உருக்கைப் பயன்படுத்துகிறார்கள். அதில் தோன்றும் வனேடியம் கார்பைடு நுண்துகள்கள் சாதாரண சாணைக்கல்லின் துகள்களைவிடக் கடினமானவை. அவற்றைச் செவ்வையாகத் தீட்ட வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அது இல்லாத வீட்டில் அக்கத்தி ஒருமுறை மழுங்கினால் மழுங்கியதுதான். தங்க ஊசி என்பதற்காகக் கண்ணில் குத்திக்கொள்ள முடியுமா? நம் ஊரில் தீட்ட முடியாத கத்தி, எவ்வளவு உயர்ந்ததாயினும், நமக்கு உயர்ந்தது ஆகாது.

உருக்கைப் பற்றிப் பேசும்போது நம் முன்னோரை மறத்தல் தகாது. நெமிலிச்சேரி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொற்றலை ஆற்றுப் பக்கத்திலுள்ள அதிரம்பாக்கத்தில், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் கல்லை உடைத்துக் கூராக்கிய கருவிகளை ராபர்ட் புரூஸ் பூட் 1863-இல் கண்டறிந்தார். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கியதற்கும் எஃகு செய்ததற்கும் சான்றுகள் கிடைத்துள்ளன. 1795-இல் ஜார்ஜ் பியர்சன் என்பார் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில், இந்தியாவிலிருந்து சென்ற 'ஊட்ஸ்' என்னும் உருக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஸ்டோடார்ட் என்னும் கருவி வினைஞர் அவ்வுருக்கில் ஒரு பேனாக்கத்தி செய்து பார்த்ததாகவும், அது மிகச் சிறந்த உருக்குக் கத்திக்கு இணையாக வெட்டியதாகவும் அதில் குறிப்பிட்டார். 'ஊட்ஸ்' என்னும் பெயர் தென்னிந்திய மொழிச் சொல்லிலிருந்தே பிறந்தது என்பது அறிஞர் கருத்து. நம் நாட்டு உருக்கின் பெருமையை மேல்நாட்டார் ஒரு பேனாக்கத்தியைக் கொண்டே சோதித்தார்கள் என்பது நாம் எண்ணி மகிழத்தக்க செய்தி.

அடுத்தது கீலும் வில்லும். மடக்குக் கத்தி மலிவாக இருந்தால் முதலில் கெடுவது அலகன்று, கீலே. கீல் தளர்ந்தால் அலகு பக்கவாட்டில் ஆடும், வெட்டு கோணும். வில் தளர்ந்தால் கத்தி எதிர்பாராமல் மடங்கி விரலைப் பதம் பார்க்கும். குத்தியோ திருகியோ செய்யும் வேலைக்கு அலகைத் திறந்த நிலையில் நிறுத்தும் பூட்டு வேண்டும். ஒரே திசையில் இழுத்துச் சீவும் ஒட்டு வேலைக்கு வலிய வில் போதுமானது.

கடைசிப் பங்கு பெயர். பெயர் எல்லாம் வீண் என்று நாம் சொல்லவில்லை. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1884-இல் ஒரு பட்டறை தொடங்கி, 1891 முதல் அந்நாட்டுப் படைவீரர்களுக்கு மடக்குக் கத்தி செய்து கொடுத்தார். அப்பட்டறையே பின்னர் விக்டோரினாக்ஸ் எனப் புகழ்பெற்றது. பிரான்சின் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஓப்பினல் 1890-இல் செய்த கத்தி, மரப்பிடியும் கரி உருக்கு அலகும் கொண்ட எளிய கத்தி. 1955-இல் அதற்கு ஒரு வளையப் பூட்டு சேர்க்கப்பட்டது. உலகப் புகழ்பெற்ற இவ்விரு கத்திகளும் அலங்காரத்துக்காகப் பிறந்தவையல்ல. படைவீரனும் மலைநாட்டு உழவனும் நாள்தோறும் பயன்படுத்தியே அவற்றுக்குப் பெயர் தந்தார்கள். அப்படிப்பட்ட பெயருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். யானைத் தந்தம்போல் தோன்றும் பிடிக்கும், அலகில் செதுக்கிய பூவேலைக்கும் கொடுக்கும் பணம் வெட்டுவதற்கு உதவாது.

மூன்று பாத்திகள்

வாதத்தால் தீராத ஐயத்தைச் செயல்விளக்கத்தால் தீர்ப்பது நம் துறையின் வழக்கம். ஆகவே, அம்மையார் வேலை செய்யும் பண்ணையில் அனுமதி பெற்று ஒரு சிறு சோதனை செய்தோம். ஒரே வயதுடைய எட்வர்டு ரோஜா வேர்ச்செடிகளை எடுத்து, எண்ணிக்கையில் சமமான மூன்று பாத்திகளாகப் பிரித்தோம். ஒரே நாளில், ஒரே கையால், ஒரே இனத்து மொட்டுகளை மூன்று பாத்திகளிலும் வைக்கச் செய்தோம். முதல் பாத்திக்கு அம்மையாரின் பழைய கத்தி, இருந்தபடியே. இரண்டாம் பாத்திக்கு அதே கத்தி, கல்லில் நன்றாகத் தீட்டிய பின். மூன்றாம் பாத்திக்கு, பண்ணை மேற்பார்வையாளரிடம் இரவல் வாங்கிய உயர்ந்த விலை ஒட்டுக் கத்தி.

நம்முடைய 5,000 ரூபாய்க் கத்தியையும் எடுத்துச் சென்றிருந்தோம். அம்மையார் அதை வாங்கி ஒரு குச்சியைச் சீவிப் பார்த்து, புன்னகையுடன் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒட்டுக் கத்தி ஒரு பக்கம் மட்டுமே சரிவாகத் தீட்டப்பட்டது. மறுபக்கம் தட்டையாக இருப்பதால் வெட்டு நேராக அமையும். நம் கத்தியோ இருபக்கமும் சரிந்தது. குச்சிக்குள் வளைந்து இறங்கியது. பட்டையை நெம்பும் நாக்கும் அதில் இல்லை. விலை உயர்ந்த கத்தி வேறு, வேலைக்கு ஏற்ற கத்தி வேறு என்பதை அந்த ஒரு புன்னகை நமக்குக் கற்பித்தது.

மூன்று வாரங்கள் கழித்து மொட்டுகளை எண்ணினோம். முதல் பாத்தி பின்தங்கியிருந்தது என்பது கண்ணுக்கே தெரிந்தது. காய்ந்த மொட்டுகள் அதில்தான் மிகுதி. இரண்டாம் பாத்திக்கும் மூன்றாம் பாத்திக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, மொட்டு ஒட்டுவதற்குத் தேவைப்பட்டது புதுக் கத்தியன்று, தீட்டிய கத்தி!

"அப்படியானால் கடன் வேண்டாம் என்று எழுதிவிடலாமா, அக்கா?" என்று குழுத் தலைவியிடம் ஓர் உறுப்பினர் கேட்டார். ஆனால், சோதனை இன்னொன்றையும் காட்டியிருந்தது. அதை அம்மையாரே எடுத்துச் சொன்னார். பழைய கத்தியின் அலகு மென்மையானது. எவ்வளவு தீட்டினாலும் ஒரு நாள் வேலையில் மூன்று முறை மழுங்கிவிடுகிறது. இரவல் கத்தியை மாலையில் ஒருமுறை தீட்டினால் போதும். பழைய கத்தியின் கீல் ஆடுவதால் கட்டைவிரலால் அலகை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மாலைக்குள் மணிக்கட்டு நோகிறது. முன் ஆண்டில் அது ஒருமுறை மடங்கி விரலில் ஆழமாக வெட்டியதால் ஒன்பது நாள் வேலைக்குச் செல்லவில்லை என்றும் அவர் சொன்னார். கூட்டத்தில் சிரித்தவர்கள் இதைக் கேட்டபின் பேசாதிருந்தார்கள்.

காசுக் கணக்கு

இனி இலாபத்தைக் கணக்கிடுவோம். ஒருமுறை தீட்டப் பத்து நிமிடம் என்று கொண்டால், பழைய கத்திக்கு நாளொன்றுக்கு முப்பது நிமிடம் ஆகிறது. நல்ல கத்திக்குப் பத்து நிமிடம். மிச்சம் இருபது நிமிடம். ஆண்டில் 250 நாள் வேலை என்றால் 5,000 நிமிடம், அதாவது 83 மணி நேரம். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்று வைத்தால் இது பத்து நாள் வேலைக்குச் சற்று மேல். ஒரு நாள் வருவாயை 500 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்கு 5,000 ரூபாய்க்குமேல் மிச்சம். 6,000 ரூபாய்க் கத்தி ஏறத்தாழ 14 மாதங்களில் தன் விலையைத் தானே திருப்பித் தருகிறது. பேணினால் அதன் பின்னும் பல ஆண்டுகள் உழைக்கும். விரலில் வெட்டுப்பட்டு இழந்த ஒன்பது நாள் கூலியை நாம் இக்கணக்கில் சேர்க்கவில்லை.

இதையே வேறு விதமாகவும் பார்க்கலாம். நாளுக்கு 200 மொட்டு வீதம் ஓர் ஆண்டில் 50,000 மொட்டுகள். கத்தியின் முழு விலையையும் முதல் ஆண்டின் கணக்கிலேயே எழுதினாலும் மொட்டு ஒன்றுக்கு 12 காசுதான் ஆகிறது. நாம் கிழித்த தபால் உறைக்கோ 12 ரூபாய் 50 காசு! விலையில் இரண்டு கத்திகளும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று வேலைக்குப் போகிறது, மற்றொன்று இழுப்பறையில் தூங்குகிறது. விலை உயர்ந்தது எது, மலிவானது எது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

ஆயினும், இக்கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. கத்தியைத் தீட்டத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் கையில் உயர்ந்த கத்தியும் சில மாதங்களில் முதல் பாத்திக் கத்தியாகிவிடும்.

தீட்டும் முறை

நடுத்தரப் பருமனும் மென்பருமனும் கொண்ட இருமுகக் கல் ஒன்று போதும். 1000 எண், 4000 எண் என்று கடைகளில் குறித்திருப்பார்கள். கல்லை நீரில் ஊறவைத்து, ஈரத்துணியின்மேல் நழுவாமல் வைக்க வேண்டும். அலகின் சரிவு கல்லில் முழுதும் படியும்படி வைத்து, கோணம் மாறாமல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். மறுபக்கத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழுந்ததும் நிறுத்தி, மென்கல்லுக்கு மாற வேண்டும். ஒட்டுக் கத்தியானால் தட்டைப் பக்கத்தைத் தூக்காமல் கல்லில் படுக்கவைத்து இரண்டு மூன்று இழுப்பு மட்டும் இழுத்துப் பிசிறை நீக்க வேண்டும். சாதாரண மடக்குக் கத்தியானால் இருபக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும். முடிவில் தோல்வாரின்மேல் பின்னோக்கி இழுத்தால் கூர் நிறைவு பெறும். கூரைக் கட்டைவிரலில் சோதிக்கக் கூடாது. மெல்லிய தாள் ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டும்.

சுழலும் சாணைச் சக்கரத்தில் மெல்லிய அலகை அழுத்தினால் சூடேறும். விளிம்பு நீலம் பூத்தால் உருக்கின் பதம் கெட்டுவிட்டது என்று பொருள். தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கும்போது அடிக்கடி நீரில் தோய்த்துத் தீட்டச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் அலகைத் துடைத்து உலர்த்தி, கீலில் ஒரு சொட்டுத் தையல் இயந்திர எண்ணெய் விட வேண்டும். ஒட்டுக்கட்டுவோர் நோயுற்ற செடியிலிருந்து நல்ல செடிக்குச் செல்லுமுன் அலகைச் சாராயக் கரைசலால் துடைப்பது இன்றியமையாதது.

வாங்குமுன் எண்ண வேண்டியவை

மடக்குக் கத்தி வாங்க விரும்புவோர் கீழ்க்கண்டவற்றைத் தமக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

1. இது மடங்கத்தான் வேண்டுமா? வீட்டிலும் தோட்டத்திலும் மட்டும் பயன்படுவதானால், உறையுடன் கூடிய மடங்காத கத்தி விலையும் குறைவு, உறுதியும் அதிகம். நம் அம்மையார் நெரிசலான மின்தொடர் வண்டியில் செல்பவர். வீட்டில் சிறு குழந்தை உண்டு. ஆகவே அவருக்கு மடங்கும் கத்தியே தக்கது.

2. வாரத்தில் எத்தனை நாள், எந்த வேலைக்கு? வேலையின் பெயரைச் சொல்ல முடியாவிட்டால் வாங்குவதைத் தள்ளிவைப்பதே நலம்.

3. அலகின் வடிவம் அவ்வேலைக்கு ஏற்றதா? எல்லா வேலைக்கும் ஏற்றது என்று சொல்லப்படுவது எந்த வேலைக்கும் முழுமையாக ஏற்றதன்று.

4. அதை நம் வீட்டுக் கல்லில் தீட்ட முடியுமா? தீட்ட நமக்குத் தெரியுமா?

5. இப்போதுள்ள கத்தியைத் தீட்டிப் பார்த்தாயிற்றா? இதைச் செய்யாமல் புதியது வாங்குவது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகும்.

6. கடையில் திறந்து மூடிப் பார்த்தோமா? அலகு ஆடக் கூடாது. மூடியபோது நடுவில் அமைய வேண்டும். வில் உறுதியாக இருக்க வேண்டும்.

7. தொலைந்துபோனால் தாங்க முடியுமா? தொலைந்துவிடும் என்று அஞ்சி வீட்டிலேயே பூட்டிவைக்கும் கத்தி வாங்காத கத்திக்குச் சமம்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஆயுதச் சட்டம், 1959-இன்கீழ் அமைந்த விதிகளில், வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் உரியவை நீங்கலாக, 9 அங்குலத்துக்குமேல் நீளமோ 2 அங்குலத்துக்குமேல் அகலமோ உள்ள அலகுடைய கத்திகள் ஆயுதமாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஒட்டுக் கத்தியின் அலகு இதில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆயினும், தொழிற்கருவியைத் தொழிலிடத்துக்கு எடுத்துச் செல்லும் பையிலேயே மூடி வைத்திருப்பது முறை. விமானத்தில் கையோடு கொண்டுசெல்லும் பையில் எந்தக் கத்தியும் கூடாது.

முடிவு

அடுத்த மாதக் கூட்டத்தில் அம்மையார் தாமே எழுந்து, தம் விண்ணப்பத்தை இரண்டு மாதம் நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டார். "முதலில் கல் வாங்குகிறேன். பழைய கத்தியிலேயே கை பழகட்டும். பழகிய பிறகு வாங்கினால்தான் அந்தக் கத்திக்கு மரியாதை" என்றார். அவ்வாறே கல்லும் தோல்வாரும் வாங்கிப் பழகினார். இரண்டு மாதம் கழித்துக் கடன் வழங்கப்பட்டது; பத்துத் தவணைகளில் அடைப்பதாக ஒப்புக்கொண்டார். முன்பு சிரித்த உறுப்பினரே அத்தீர்மானத்தை முன்மொழிந்தார். குழுவின் ஏட்டில் அக்கடன் 'தொழிற்கருவி' என்ற தலைப்பில் எழுதப்பட்டது.

திருமணச் சீருக்குக் காரணம் கேளாமல் கடன் தரும் நாம், உழைக்கும் கையின் கருவிக்கு மட்டும் நூறு காரணம் கேட்கிறோம். கேட்பது தவறன்று, சிரிப்பதுதான் தவறு. கேட்டு, சோதித்து, கணக்கிட்டு முடிவு செய்தால் வேண்டாத கருவிக்குப் பணம் வீணாகாது. வேண்டிய கருவி இல்லாமல் ஒருவரது உழைப்பும் வீணாகாது. ஒன்றியத்திலுள்ள மற்றக் குழுக்களும் தம் உறுப்பினர்களின் கருவிகளைப் பற்றி ஒரு கூட்டத்திலேனும் இவ்வாறு பேசிப் பார்க்க வேண்டுகிறோம்.

நாமும் அந்த அம்மையாரிடம் தீட்டும் முறையைக் கற்றுக்கொண்டோம். நம் மேசையிலிருந்த கத்தியைத் தோட்ட வேலை செய்யும் உறவினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம். தபால் உறைகளை இப்போது ஒரு மர அடிக்கோலால் பிரிக்கிறோம். அதற்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.